உங்கள் தம்பி சொல்லாத வார்த்தைகள்

மதினி,

கோர்ட்டை விட்டு வெளியே வந்து சிவகாசி பஸ்ஸுக்கு நிற்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் எந்தப் பக்கம் நின்றாலும் பால் சுண்டுகிற வாசனை. முன்பெல்லாம் இதற்கு நாக்கில் நீர் ஊறும். இன்று எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. நீங்கள் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. உயிரோடிருந்தவரை உங்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள் நான். அதற்கும் சேர்த்து இப்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமைதோறும் கோயிலுக்கு வந்துவிட்டுப் பால்கோவாவோடு திரும்புவீர்கள். "நான் எங்க வாங்குதேன்? உனக்குப் பிடிக்கும்னு தம்பிதான் வாங்கியாரச் சொன்னான்" என்று என் கையில் திணிப்பீர்கள். நானும் முட்டாள் மாதிரி பூரித்துப் போய்த் தின்றேன்.

கீழே காலண்டர் பிரஸ், மேலே வீடு. ஆடிப்பெருக்குக்குப் புதுக் காலண்டர் மாதிரிகளை ஆல்பமாகப் போட்டுவிட்டால் தை வரை என் புருஷனுக்கு, அதாவது உங்கள் தம்பிக்கு, சீசன். சாப்பாடுகூடக் கீழேதான். "மெஷின் ஓடும்போது எவன் பேச முடியும்?" என்பார். மெஷின் நின்றாலும் பேசமாட்டார். எதைக் கேட்டாலும் "சீசன் முடியட்டும்." சீசன் முடிந்ததும் ஆர்டர் பிடிக்க வெளியூர் கிளம்பிவிடுவார். எங்கள் சண்டைகளுக்கெல்லாம் வாய்தாதான், தீர்ப்பே கிடையாது.

நடுவில் நீங்கள். சாப்பாட்டுத் தூக்கோடு நீங்கள் படி இறங்கும்போது என் பேச்சு கீழே போகும். காலித் தூக்கோடு அவர் பதில் மேலே வரும். என் தம்பி கல்யாணத்துக்கு அவர் வராத அன்று நான் ஆடிய ஆட்டம் நினைவிருக்கிறதா? கீழே போய்விட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். "அவனுக்கும் மனசே கேக்கல பிள்ளை. 'அவ முகத்துல எப்படி முழிப்பேன்'னு கேக்கான். எம்புட்டுப் பெரிய ஆர்டரு, விட்டுட்டு வர முடியுமா, சொல்லு?" நான் கரைந்துபோனேன். அன்று ராத்திரி அவருக்குப் பிடித்த குழம்பு வைத்து அனுப்பினேன்.

நீங்கள் போன பிறகு தூது போக ஆளில்லை. நாங்களே நேருக்கு நேர் பேச வேண்டியதாயிற்று. அப்போதுதான் தெரிந்தது, எங்களுக்குப் பேசவே தெரியாது என்று. நான் ஒன்று கேட்டால் அவர் எழுந்து போவார். அவர் ஒன்று சொன்னால் நான் பத்து வருஷத்துப் பழசையெல்லாம் இழுத்துப் போடுவேன். அப்படியே வக்கீல் வரைக்கும் வந்துவிட்டோம்.

இன்றைக்குக் கவுன்சிலிங். அந்தம்மா நல்ல மாதிரி. "அவர் சொன்னதுல உங்க மனசுல நிக்கிற நல்ல வார்த்தை ஒண்ணு சொல்லுங்கம்மா" என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. எனக்குக் கரு கலைந்து கிடந்த அன்று உங்கள் தம்பி சொன்னதாக நீங்கள் வந்து சொன்னதைச் சொன்னேன். 'அவ இருந்தாப் போதும், பிள்ளையப் பெறகு பாத்துக்கிடலாம்' என்று சொல்லி அழுதாராமே, அதை.

உங்கள் தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தார். "நான் எப்ப அழுதேன்? அன்னைக்கு நான் சாத்தூர்ல லோடு ஏத்திக்கிட்டு இருந்தேன்."

மறைக்கவோ குத்தவோ இல்லை, நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. பிறகு அவர் முறை. "கோவத்துல கத்தினாலும் அவுகளை விட்டா எனக்கு யாரு இருக்கான்னு இவ சொல்லி அனுப்புவா. அதை வச்சுத்தான் நானும் இத்தன நாளு ஓட்டுனேன்" என்றார். நான் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. அதையும் அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன்.

"அப்ப இதெல்லாம் யார் சொன்னது?" என்றார் அந்தம்மா. "அக்கா" என்றார் அவர். "மதினி" என்றேன் நான். கல்யாணம் ஆனதிலிருந்து நாங்கள் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

எதற்கு மதினி இந்த வேலை? புருஷனோடு ஒத்துவராமல் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர் நீங்கள். 'வாழாவெட்டி' என்று தெருவே பேசியது. "எனக்கு வந்த பேரு உனக்கு வரக்கூடாது பிள்ளை" என்று ஒருமுறை சொன்னீர்கள். யார் உங்களைக் கேட்டது? கீழே நிஜமாக அவர் என்ன சொன்னாரோ அதை அப்படியே கொண்டுவந்து கொட்டியிருந்தால், முதல் சீசனிலேயே கிளம்பியிருப்பேன். மல்லாங்கிணறு பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்த டீச்சர் வேலை அப்போது எனக்காகக் காத்திருந்தது. உங்களுக்கு வந்த பேருக்குப் பயந்து என் வயசைத் தின்றுவிட்டீர்கள். செத்தவரைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் திட்டுவேன்.

"இன்னும் கொஞ்சம் டயம் வேணுமா?" என்று கேட்டார்கள். இரண்டு பேருமே வேண்டாம் என்றோம். கையெழுத்துப் போட்டாயிற்று.

எல்லாவற்றையும் அங்கேயே உதறிவிட்டுத்தான் வந்தேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் உதற முடியவில்லை. என் தலைமாட்டில் உட்கார்ந்து அதை நீங்கள் சொன்னபோது உங்களுக்குக் குரல் உடைந்தது, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. தம்பி அழுததைப் பார்த்துவிட்டு வந்த துக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அழுதது நீங்கள்தான். நான் இருந்தால் போதும் என்று நினைத்ததும் நீங்கள்தான். அதை உங்கள் வார்த்தையாகவே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன மதினி? அந்த வீட்டில் எனக்கு ஒரு ஆள் இருக்கிறது என்று அப்போதே தெரிந்திருக்குமே.