என் வாய் கெடுத்த ஆட்டம்

சாங்பின், வியாழக்கிழமை மதியம்

அன்பு மகன் லேகாலுக்கு அம்மா நகாவ் எழுதுவது.

நீ நலமா, நாங்கள் நலம் என்று ஆரம்பிக்கப் பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். நான் நாலாம் வகுப்போடு ஓடி வந்துவிட்டதால் அதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியாது. எழுத்து நண்டு நடந்தது போல இருந்தால் சிரித்துக்கொள், ஆனால் கடைசி வரை படி. உங்கள் விடுதி போன் நடைபாதையில் இருக்கிறது, எல்லார் காதும் அங்கேதான் இருக்கும். நம் கடை போனைத் தொடவே எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் இதை உன் சித்தி மகள் பனாயிடம் கொடுத்து, மாலை ரயிலில் தாய்ச்சுங்குக்கு அனுப்புகிறேன். உன் கையில் தவிர வேறு யாரிடமும் கொடுக்கமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள்.

அப்பாவின் படகு கரைக்கு வர இன்னும் ஒன்றரை மாதம் ஆகும். குறட்டைச் சத்தம் இல்லாமல் வீடு நிம்மதியாக இருந்தது. இப்போது அவர் இல்லையே என்று இருக்கிறது.

சனிக்கிழமை பேஸ்பால் ஆட்டத்தைக் கடையில் உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாவது இன்னிங்ஸில் மட்டும் உன் பந்தில் ஆறு ஓட்டம். நீ வீசிய, மட்டைக்கு முன்னால் சட்டென்று கீழே விழும் பந்து ஒன்றைக்கூட எதிரணிக்காரர்கள் தொடவில்லை. நேர்ப்பந்துக்காகக் காத்திருந்து அடித்தார்கள். அடுத்த நாள் பேப்பரில் உன் படத்தைப் போட்டு, ஆட்டத்தை விற்றுவிட்டானா என்று கேட்டிருந்ததைப் பனாய்தான் வாசித்துக் காட்டினாள். அணி நிர்வாகத்தார் உன்னை ஓர் அறையில் உட்காரவைத்து மூன்று மணி நேரம் கேள்வி கேட்டார்களாம்.

நீ விற்கவில்லை என்று எனக்குத் தெரியும். கொடுத்தது நான்தான்.

அதற்கு முந்தின வாரம் இரண்டு பேர் காரில் வந்து கடை முன்னால் நிறுத்தினார்கள். குண்டாக ஒருவன், வெள்ளை ஷூ போட்ட ஒல்லி ஒருவன். பாக்கு வாங்கினார்கள். லேகாலின் அம்மாவா நீங்கள், நாங்கள் அவருடைய ரசிகர்கள் என்றார்கள். அரிசி மதுவும் ஒரு பெட்டி சீத்தாப்பழமும் கொண்டுவந்திருந்தார்கள். சீத்தாப்பழம் விளைகிற ஊருக்கே சீத்தாப்பழம் வாங்கி வருகிறவன் ஏமாளியாகத்தான் இருப்பான் என்று நினைத்துவிட்டேன். ஏமாளி யார் என்று இப்போது தெரிகிறது.

ஓபாத் மாமாவும் வந்து உட்கார்ந்தார். மது என்றால் உன் மாமாவுக்கு மைல் கணக்கில் மூக்கு நீளும். நம் வழக்கப்படி ஒரே கோப்பையைச் சுற்றி விட்டோம். வெள்ளை ஷூக்காரன் முகம் சுளிக்காமல் வாங்கிக் குடித்தான். நகரத்துக்காரர்கள் கோப்பை விளிம்பைத் துடைத்துவிட்டுத்தான் வாய் வைப்பார்கள், இவன் துடைக்கவில்லை. அது போதுமே நமக்கு. ஒரே கோப்பையில் குடித்தவனை எப்படி அந்நியன் என்று நினைப்பது?

உன் கதைகளைக் கேட்டார்கள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "எம்புள்ள பொய் சொல்லப் போறான்னா கீழ் உதட்ட உள்ள மடிச்சுக்குவான். சின்னதுலேர்ந்தே அப்படித்தான். அந்த விழுற பந்தப் போடுறப்பவும் அதேதான் பண்றான், அதுவும் பொய்தானே" என்று சொல்லி, மடித்தும் காட்டினேன். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். குண்டனும் சிரித்தான். வெள்ளை ஷூக்காரன் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை காட்டுங்க அக்கா என்றான். காட்டினேன். கோப்பையோடு என்னை நடுவில் நிற்கவைத்து ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள்.

இந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு லாரி வந்து பெரிய டிவி ஒன்றை வீட்டில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறது. நான் கடையில் இருந்தேன். நீதான் அனுப்பினாய் என்று நினைத்து மாமா ரசீதில் கையெழுத்துக்குப் பதில் தன் பெயர் முத்திரையைக் குத்தி வாங்கிவிட்டார். தாய்மாமன் முத்திரை குத்தினால் வீடே குத்தின மாதிரி. அன்று சாயங்காலம் ஊர் முழுக்க நம் வீட்டில்தான் டிவி பார்த்தது. நம் ஊர்ப் போலீஸ்காரர்கூட முன்வரிசையில் உட்கார்ந்து சூப் குடித்தார்.

நேற்று வெள்ளை ஷூக்காரன் தனியாகக் கடைக்கு வந்தான். காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி மெதுவாகத்தான் பேசினான்.

"அக்கா, டிவி நல்லாத் தெரியுதா? இனிமே நீங்க நம்ம ஆளு. ஞாயித்துக்கிழமை ஆட்டத்துல உங்க பையன் அஞ்சாவது இன்னிங்ஸத் தாண்டக் கூடாது, அதுக்குள்ள அடி வாங்கி வெளிய வந்துடணும். அதச் சொல்ற பொறுப்பு உங்களது."

நான் வழக்கம் போல, என் மகன் நான் சொன்னதைக் கேட்டிருந்தால் இந்நேரம் கல்யாணம் ஆகியிருக்குமே என்று கிண்டல் செய்தேன். அவன் அப்போதும் சிரிக்கவில்லை. போட்டோ எங்ககிட்ட இருக்கு, ரசீதுல உங்க அண்ணன் முத்திரை இருக்கு என்றான். கிளம்பும்போது சாலையைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னான்.

"இந்தக் கடலோர ரோடு ரொம்ப வளைவு. உங்க அண்ணன் வேற குடிச்சுட்டு லாரி ஓட்டுறாரு. பாத்துப் போகச் சொல்லுங்க."

அவன் போன பிறகு பாக்கு வெட்டப் போனேன். பாதியில் கத்தியைக் கீழே வைத்தேன். கடையைச் சாத்திவிட்டேன். இருபது வருஷத்தில் புயலுக்குக்கூடச் சாத்தியதில்லை. அதிலிருந்து எந்தக் கார் நின்றாலும் முதலில் ஷூவைத்தான் பார்க்கிறேன்.

லேகால், உன்னோடு ஒரே அறையில் இருந்த சாவ்மாவை நினைக்கிறேன். அவன்மேல் சந்தேகம் மட்டும்தான் விழுந்தது, ஒன்றும் நிரூபணமாகவில்லை. ஆனாலும் எந்த அணியும் திரும்பக் கூப்பிடவில்லை. இப்போது கீலுங்கில் சிமெண்ட் மூட்டை தூக்குகிறானாம். உனக்கு முப்பத்தொன்று ஆகிறது. ஒன்பது வருஷம் வீசியிருக்கிறாய். பந்து வீசுவதைத் தவிர உனக்கு வேறு என்ன தெரியும்? சோறு வடிக்கக்கூடத் தெரியாது.

மாமாவும் நானும் முடிவு செய்துவிட்டோம். உண்மையில் முடிவு செய்தது நான், தலையாட்டியது மாமா. நேற்றிலிருந்து அவர் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை, அதைப் பார்க்கத்தான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. நாளை விடிந்ததும் டிவியை லாரியில் ஏற்றிக்கொண்டு தைதுங் நகரத்தில் அரசு வக்கீல் அலுவலகத்துக்குப் போகிறோம். போட்டோவில் இருப்பது நான்தான், உதட்டைப் பற்றிச் சொன்னதும் நான்தான், என் மகனுக்கு எதுவும் தெரியாது என்று சொல்லி, எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடுவேன். உள்ளே போடுவார்களோ என்னவோ. மலைப் பக்கமாகப் போகலாம், சுற்றுதான் என்று மாமா சொல்கிறார். கடலோரச் சாலை வேண்டாமாம். ஏன் என்று நான் கேட்கவில்லை.

நீ இந்தக் கடிதத்தைப் பயிற்சியாளரிடம் காட்டு. வெட்கப்படாதே, மானம் போனது எனக்குத்தானே. உதட்டைச் சரிசெய்ய வழி கேள். பாக்குப் போட்டு மென்றுகொண்டே வீசினாலும் சரி, மடிக்காமல் வீசப் பழகு.

ஞாயிற்றுக்கிழமை உன்னை இறக்கினால் கடைசி வரை ஒன்பது இன்னிங்ஸும் வீசு. எங்களுக்காகத் தோற்காதே. அம்மாவைக் காப்பாற்றுகிறேன் என்று ஒரே ஒரு பந்தைத் தளர்த்திப் போட்டாலும், அவன் இன்னொரு ஞாயிற்றுக்கிழமைக்கும் கேட்டு வருவான், அப்புறம் இன்னொன்றுக்கும். இறக்காவிட்டால் விடுதிக்கு வெளியே தனியாகப் போகாதே. வீட்டுக்குப் போன் செய்யாதே. நாளை மத்தியானத்துக்குப் பிறகு நானே செய்கிறேன்.

நான் செய்யாவிட்டால் நகரத்தில் கடைகளைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன் என்று நினைத்துக்கொள். எங்களைப் பற்றி யாராவது ஏதாவது செய்தி கொண்டுவந்தால், ஆட்டம் முடிந்த பிறகு கேள்.

உன் வலது கையை நம் முன்னோர்கள் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உன் அம்மா,
நகாவ்