இருநூற்றுப் பதினொன்று

லான்செஸ்டன், டாஸ்மேனியா
14 ஜூலை 1979

அன்பு மகள் ஹெஸ்டருக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எடின்பரோவில் இப்போது கோடை. இங்கே காலையில் குழாயில் தண்ணீர் உறைந்து கிடக்கிறது.

அப்பா மே மாதத்திலிருந்து பள்ளிக்குப் பாடம் எடுக்கப் போகவில்லை. முதலில் வெறும் இருமல் என்றார்கள், இப்போது நுரையீரல் என்கிறார்கள். வசந்தம் வரை தாங்குவாரா என்று கேட்டால் டாக்டர் பேச்சை மாற்றுகிறார். நான் உனக்கு இதை எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது.

நீ இங்கே இருந்தபோது நடந்த அந்தச் சங்கக் கூட்டத்தைப் பற்றி நாம் இருவரும் எந்தக் கடிதத்திலும் எழுதியதில்லை. இன்று எழுதியே ஆக வேண்டும். 56052361 என்ற அந்த எண்ணோடு அவர் ஒரு வருடம் குடித்தனமே நடத்தினார். 199 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தார், எதற்கும் மசியவில்லை. பிறகு பகா எண்கள் எல்லாம் தேறும் அந்த மீதிச் சோதனையை இரண்டை வைத்துப் போட்டார், மூன்றை வைத்துப் போட்டார், ஐந்தை வைத்தும் போட்டார். ஒவ்வொரு முறையும் தேறியது. இது பகா எண்தான் என்று கணக்காசிரியர் சங்கத்தில் நின்று அறிவித்தார்.

நீ மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்து, "அப்பா, 199-க்கு அடுத்து 211 இருக்கு. அதுல மீதியில்லாம போகுது" என்றாய். மற்ற இரண்டு காரணிகள் 421, 631 என்றாய். அந்த மீதிச் சோதனையை எதை வைத்துப் போட்டாலும் பகா எண் மாதிரியே தேறி ஆளை ஏமாற்றும் பகு எண்கள் அபூர்வமாக உண்டு, இது அந்த இனம் என்றும் விளக்கினாய். அது யார் காதிலும் விழவில்லை. கூடமே சிரித்துக்கொண்டிருந்தது.

அதன் பிறகு நீ படிக்க விமானம் ஏறிய அன்று, தோட்டத்தில் வேலை இருக்கிறது என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். உன் மேல் கோபம் என்று நீ நினைத்தாய். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போன ஞாயிறு அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். "எட்னா, அவ எழுந்து நின்னப்ப எனக்குக் கோவமே வரல. என்னமா வகுக்கிறா என் பொண்ணுன்னுதான் இருந்துச்சு. அவங்க சிரிச்சதுல வாயடைச்சுப் போச்சு. அப்புறம் எப்படி ஆரம்பிக்கிறதுன்னே தெரியல" என்றார். அதையே அவளுக்கு எழுதுங்களேன் என்றேன். "இனிமே என்னத்த எழுத" என்று பாதி முகத்தில் நுரையோடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவரோடு வேலை பார்க்கும் நெவில் நேற்று வந்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. வருடா வருடம் அந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதி, இதை உடைத்தது என் மகள் என்று பிள்ளைகளிடம் சொல்வாராம். உன்னைத் தவிர எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.

உன்னை மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. படிப்பை விட்டுவிட்டுப் புறப்பட்டு வா என்று சொல்லவும் மனம் வரவில்லை. ஓர் எண்ணை மட்டும் எழுதி அவருக்கு அனுப்பு. இது பகா எண்ணா, இல்லை அந்த ஏமாற்றுகிற இனமா என்று கேள். வேறொன்றும் எழுத வேண்டாம். தலையணையை நிமிர்த்தி வைத்துப் பென்சிலை நான் கையில் கொடுக்கிறேன்.

பெரிய எண்ணாக அனுப்பு, கண்ணு. சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது.

கடவுள் உன் கூடவே இருக்கட்டும்.

உன் அம்மா,
எட்னா