குழாயடியில் இருந்த படம்

கர்த்தருக்குள் பிரியமான தங்கை மார்லீனுக்கு, அக்கா எல்ஃப்ரீடா எழுதுவது.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் மகள் கெசியாவின் கண் சுத்தமாக இருக்கிறது. வியாழக்கிழமை நர்ஸ் இரண்டு இமையையும் புரட்டிப் பார்த்தாள். போன வருடம் உள்ளே பொடிப்பொடியாக இருந்ததெல்லாம் போய்விட்டது. நீ பயந்துகொண்டேதான் உறையைப் பிரிப்பாய் என்று தெரியும், அதனால்தான் மேலேயே எழுதினேன். அம்மாவுக்கு இமை உள்ளே மடங்கி, முடி கண்ணைக் கீறிக் கீறிக் கடைசியில் வெளிச்சமே தெரியாமல் போனதை நாம் இரண்டு பேரும் கூடவே இருந்து பார்த்தவர்கள். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. இப்போது இறங்கிவிட்டது. ஸ்தோத்திரம்.

ஆனால் இடையில் ஒரு சங்கடம் நடந்தது. அதையும் நான்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

பிள்ளைகள் முகம் கழுவ வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிவந்தார்களே, அதனால் பலன் இருக்கிறதா என்று பார்க்க ஆட்கள் வந்தார்கள். பிரான்வின் என்ற வெள்ளைக்காரப் பெண், கூட ரோண்டா. ரோண்டா நம்மைப் போல இந்த மண்ணின் பூர்வகுடிதான், ஆனால் வடக்கே கடற்கரைப் பக்கம். பலன் இல்லை என்று அவர்கள் எழுதிவிட்டால் சோப்பும் நிற்கும், நர்ஸ் வருவதும் நிற்கும், பிள்ளைகளுக்குக் கண்நோய் திரும்ப வரும். பள்ளிக்கூடத்துக் குழாயடிக்குப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். சோப்பு புட்டி திறக்காமலே இருந்தது. தொட்டியில் தூசியும் நாய் முடியும்.

பெண்களை எல்லாம் மரத்தடியில் உட்காரவைத்து பிரான்வின் கேட்டாள்: "பிள்ளைங்க தினமும் குழாயில முகம் கழுவுறாங்களா?" எல்லாரும் "ஆமா" என்றார்கள். "அப்ப சோப்பு ஏன் அப்படியே இருக்கு? யாரும் கழுவுறதே இல்லையா?" அதற்கும் "ஆமா" என்றார்கள். நான் பக்கத்திலிருந்த ஹெட்விக்கை இடித்தேன். அவள் காதோடு சொன்னாள்: "பாவம், அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்திருக்கா. இல்லேன்னு சொல்லி மனச நோகடிக்கச் சொல்றியா?" பிரான்வின் பேனாவை மூடிவிட்டு எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'சொன்னது காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை' என்று எழுதப்போகிறாள் என்று எனக்குப் பட்டது.

காரணம் எங்கள் எல்லாருக்கும் தெரியும், உனக்கும் தெரியும். குழாய்க்கு மேலே தகரத்தில் அடித்த அந்தப் பெரிய படம். கெசியாவின் அப்பா அவளுக்கு முகம் கழுவிவிடுகிற படம். அவர் இறந்துபோன பிறகு அந்த முகத்தைப் பார்க்கக் கூடாது என்பது நம் வழக்கம், யார் அந்தப் பக்கம் போவார்கள்? பிள்ளைகள்கூட வேலியைச் சுற்றிக்கொண்டுதான் பள்ளிக்குள் போகிறார்கள். அடக்கம் முடிந்த மறுநாளே யாரோ போர்வை போட்டு மூடினார்கள். புதிதாக வந்த வாத்தியார் அதை அவிழ்த்து, மடித்து அலுவலகத்தில் வைத்து, படத்தையும் துடைத்துவிட்டார். சுத்தம் செய்கிறோம் என்று நினைத்திருக்கிறார் பாவம். கெசியாவுக்கு நான் வீட்டிலேயே வாளித் தண்ணீரில் காலையும் மாலையும் கழுவிவிட்டேன். எல்லா வீட்டிலும் வாளி இல்லையே.

இறந்தவரைப் பற்றிப் பேசும் உரிமை எனக்கில்லை, மார்லீன். நான் உன் பக்கத்து ஆள். அவருடைய வீட்டார்தான் பேச வேண்டும், அவர்களோ தெற்கே இருந்தார்கள். அதனால் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு தரையைப் பார்த்தோம். ரோண்டாவுக்கு மட்டும் ஏதோ புரிந்திருக்கிறது. எங்களை ஒன்றும் கேட்கவில்லை. தேநீர்க் குவளையை வாங்கும்போது, "இதப் பத்தி நான் யார்கிட்ட பேசணும்?" என்று மட்டும் கேட்டாள். நான் தெற்குச் சாலையைப் பார்த்தேன். அவ்வளவுதான். அவள் பிரான்வினிடம் பேசி ஊருக்குக் கிளம்புவதைத் தள்ளிப்போட வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைப் பாட்டுக்காக உன் நாத்தனார் வல்மாய் தெற்கேயிருந்து வந்து இறங்கினாள். ரோண்டா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, கங்காரு வால் வேகிறவரை காத்திருந்தாள். கடைசியில் வல்மாயே ஆரம்பித்தாள். "என் தம்பிய அங்க மாட்டி வெச்சுக்கிட்டு, ஏன் யாரும் வரலேன்னு கேக்குறீங்களாமே." பிரான்வினின் முகம் கழுத்துவரை சிவந்துபோயிற்று. வல்மாய் எங்கள் பக்கம் திரும்பினாள். "நீங்கல்லாம் வாயில ரொட்டிய அடைச்சுக்கிட்டு இருந்தீங்களா?" ஹெட்விக் சும்மா இருப்பாளா. "அது உன் பேச்சு, நாங்க எப்படிப் பேசறது? நீ வர்றதுக்குள்ள எங்களுக்கு தாடியே முளைச்சிருக்கும்" என்றாள். வல்மாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அழுதாள். நாங்களும் அழுதோம்.

அன்றைக்கே படத்தைக் கழற்றினார்கள். வல்மாய் அதைக் கம்பளியில் சுற்றித் தன் காரில் வைத்துக்கொண்டாள். போனவர் அமைதியாகப் போகட்டும் என்று குழாயடி முழுக்கப் பச்சை இலைப் புகை காட்டினோம், போதகர் ஜெபம் செய்தார். புகை அடங்குவதற்குள் பிள்ளைகள் தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். முகம் மட்டுமா கழுவினார்கள், வாத்தியாரும் நனைந்துபோனார். முதல் சோப்பு புட்டி அன்றே காலி.

பிரான்வின் தான் எழுதியதை ஒதுக்கி வைத்துவிட்டு, வல்மாயிடமும் எங்களிடமும் முதலிலிருந்து கேட்டாள். இந்தத் தடவை 'ஆமா' என்று முடிக்கிற மாதிரி எதுவும் கேட்கவில்லை. நர்ஸ் தொடர்ந்து வருவாள், சோப்பும் வரும். சில பிள்ளைகளுக்குக் கண் இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது, அவர்கள் வீட்டில் எல்லாருக்கும் மருந்து கொடுத்தாயிற்று.

கெசியாவுக்குப் பெரிய பல் முளைக்கிறது. உடுப்புக்கும் செருப்புக்கும் ஆன கணக்கைத் தனியாக எழுதி வைத்திருக்கிறேன், அவசரமில்லை. ஈஸ்டர் பாட்டில் அவளை முன் வரிசையில் நிறுத்தப் போகிறார்களாம்.

இன்னொன்று. ரோண்டாவிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன், சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டு ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஆஸ்பத்திரியில் மெஷினில் ரத்தம் சுத்தம் செய்துகொள்கிறாய் என்று. சர்க்கரைக்காரர்களுக்கு வருடத்துக்கு ஒரு முறை கண்ணுக்கு உள்ளே பார்த்தாக வேண்டும், விட்டால் வலிக்காமலே பார்வை போய்விடும் என்றாள். அந்தச் சோதனைக்குக் கூப்பிட்டபோதெல்லாம் நீ தூங்குகிற மாதிரி படுத்துக்கொள்கிறாய் என்று அங்கேயிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். நான் கோபப்படவில்லை. அவர் போனதிலிருந்து உனக்கு எதையும் பார்க்கப் பிடிக்கவில்லை என்று தெரியும்.

ஆனாலும் போய்க் காட்டு மார்லீன். உன் மகள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்பாள். அவள் எப்படி இருந்தாள் என்று இன்னொருவர் சொல்லி நீ கேட்கக் கூடாது. ஆண்டவர் உன்னைக் கைப்பிடித்து நடத்தி, உன் கண்ணாலேயே அவளைப் பார்க்க வைப்பாராக.

தினமும் உனக்காக ஜெபிக்கும்
அக்கா எல்ஃப்ரீடா