பதினெட்டுத் தப்படி

பெரியவனின் அம்மாவுக்கு,

நான் நலம். பெரியவன் நலமா? உன் முழங்கால் வலி தேவலையா?

பத்திரிகைக்கான தெருப்படங்களை இருநூறு எம்.எம். லென்ஸில், பதினெட்டுத் தப்படி தள்ளி நின்றே எடுத்துவந்தேன். அதை மரியாதை என்று நினைத்திருந்தேன். நேற்றுக் குப்பைத்தொட்டியில் எச்சில் பொறுக்கித் தின்ற ஒருவரை எடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தால், அவர் என்னைக் கண்டு முகத்தை மூடுகிறார்.

"பெருசு, இதான் அட்டைப்படம்!" என்று ஆசிரியர் துள்ளினார். ஒளிந்திருந்து பார்த்திருக்கிறேன், தூ! படத்தை அழித்துவிட்டேன்; செய்தது சரியா, தெரியவில்லை. ஆசிரியருக்கு என்மேல் கோபம். வேலை போகாது, பயப்படாதே.

இன்று முப்பத்தைந்து எம்.எம். மாட்டினேன். அதற்கு மூன்று தப்படிக்குள் போயாக வேண்டும். அந்த மனிதரிடமே போய்க் கேட்டேன்.

"படம் வேணாம் சார். சும்மா உட்காருங்க" என்றார். இந்த ஊரில் என்னை உட்காரச் சொன்ன முதல் ஆள்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. இங்கே குளிர் கடுமை; கம்பளிச் சட்டை இரண்டு அனுப்பு, ஒன்று அவருக்கு.