உறுமாத நாய்

என் ராஜாத்திக்கு,

அம்மா எழுதறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் ஒரு குறையும் இல்லாம இருக்கணும்னு நினைச்சுக்கிட்டேதான் பேனாவை எடுத்தேன். இங்கே அப்பா ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்கு வந்துட்டார், நடக்கறார், சாப்பிடறார். எனக்கு வலது கையில கட்டு, அதனால எழுத்து கோணல்மாணலா இருக்கும், பொறுத்துக்கிட்டுப் படி. போன வாரம் நடந்ததை அண்ணன் உனக்கு அரைகுறையா சொல்லியிருப்பான், அவனுக்கே பாதிதான் தெரியும். நேத்து நீ உங்க வீட்டு நாய்க்குட்டி படத்தை அனுப்பி ரெண்டு வரி எழுதியிருந்தியே, அதைப் பார்த்ததுக்கப்புறம் எல்லாத்தையும் ஒண்ணுவிடாம சொல்லியே ஆகணும்னு உட்கார்ந்துட்டேன். சலவைக்கடைக்கு லீவு சொல்லியாச்சு, முதலாளியம்மா முணுமுணுத்தா, முணுமுணுக்கட்டும்.

நம்ம நாய் கிழவனைப் பார்த்துத்தானே நீயும் அதே சாதி நாயைத் தேடிப் பிடிச்சே. அவனை எப்படி வாங்கினோம்னு உனக்குத் தெரியாது. லிஃப்ட் ரிப்பேர் வேலையிலேர்ந்து ஓய்வானதும் அப்பா வீட்டுக்குள்ள அடைபட்ட மாதிரி சுத்திக்கிட்டே இருந்தார், நாய் வேணும்னார், அதுவும் தோல் மடிஞ்சு மடிஞ்சு தொங்கற அந்த நாய்தான் வேணும்னார். விக்கிறவர் வீட்டுக்குப் போனோம். தாய் எங்கேன்னு நான் கேட்டேன், அது வேற இடத்துல இருக்குன்னு அந்த ஆள் பேச்சை மாத்திட்டார். குட்டிங்க எல்லாம் ஓடி வந்து காலை நக்குச்சு, ஒண்ணு மட்டும் மூலையில கண்ணை இடுக்கிக்கிட்டு உட்கார்ந்திருந்தது. உடம்பு முழுக்க சுருக்கம், முகத்துல கண்ணு எங்கே இருக்குன்னே தேடணும். இவன்தான் மானஸ்தன், எவன் காலையும் நக்க மாட்டான்னு அப்பா அதையே தூக்கிட்டார். வீட்ல ரெண்டு கிழவன் ஆயிட்டாங்க, கிழவான்னு கூப்பிட்டா ரெண்டும் திரும்பும்னு நான்கூட சிரிச்சேன். பின்னால நாய் டாக்டரம்மா சொன்னாங்க, இந்த நாயில சுருக்கம் அதிகமா இருக்கறதையும் ஒதுங்கி இருக்கறதையும் எடுக்கவே கூடாதாம், தாயோட குணத்தைப் பார்க்காம குட்டியைத் தொடவே கூடாதாம். நமக்கு யாரு சொன்னா.

வளர்க்கற வேலை எல்லாம் என் தலையில. மடிப்புக்குள்ள ஈரம் நின்னா புண்ணாயிடும், நாத்தம் குடலைப் பிடுங்கும், அதனால மெத்துனு ஒரு துணியால ஒவ்வொரு மடிப்பையும் விரிச்சுத் துடைச்சு உலர விடணும். காது ஓட்டை சின்னது, அதுல அழுக்கு சேரும். நான் துடைக்கும்போது மட்டும் கல்லு மாதிரி நிப்பான், நன்றியுமில்லை கோபமுமில்லை. ஆனா பழக்கற வேலையை அப்பா தன்கிட்டயே வெச்சுக்கிட்டார், அங்கேதான் கெட்டுச்சு. குட்டியா இருக்கும்போதே நாலு பேர்கிட்ட விட்டுப் பழக்கணும்னு கீழ்வீட்டுத் தையல்காரர் சொன்னார், அவர் நாய் வளர்த்தவர். அப்பா கேட்கலை. எனக்கு மட்டும் அடங்கற நாய்தான் நாய்னார். அவர் ரூம் வாசல்ல குறுக்கே படுத்துக்கிட்டு நான் காபி கொண்டு போனாக்கூட உறுமும், பாரு என் காவல்காரனைன்னு அப்பாவுக்குப் பெருமை தாங்காது. ஒருநாள் வாடகை வாங்க வந்த வீட்டு ஓனரைப் பார்த்து உறுமிச்சு, அவர் முகம் சுளிச்சுட்டார். அப்பாவுக்கு மானம் போயிடுச்சு, அன்னைலேர்ந்து உறுமினா மூஞ்சியிலயே அடி. கொஞ்ச நாள்ல உறுமறதே நின்னு போச்சு. திருந்திட்டான்னு அப்பா எல்லார்கிட்டயும் சொன்னார். எனக்கென்னவோ அதுக்கப்புறம்தான் பயம் வந்தது. சத்தமே வராது, உடம்பு மட்டும் விறைச்சு நிக்கும், அந்த இடுக்குக் கண்ணால நம்மளையே பார்த்துக்கிட்டிருக்கும். நான் அடுப்படியில திரும்பினா பின்னால நிக்கும், எப்ப வந்துச்சுன்னு தெரியாது.

போன வாரம் நான் கடையிலேர்ந்து மத்தியானம் வந்தேன். அப்பா காலையில சர்க்கரை வியாதிக்கான ஊசியைப் போட்டுக்கிட்டு சாப்பிடாமலே படுத்திருக்கார், சர்க்கரை அடியோட இறங்கியிருக்கு. ரூம் கதவைத் திறந்தா கட்டிலுக்குக் கீழே விழுந்து கிடக்கார், உடம்பெல்லாம் வேர்வை, வாயில நுரை. அவருக்கு மேல காலை விரிச்சுக்கிட்டு கிழவன் நிக்கறான். ஒரு சத்தம் இல்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டேன், பிஸ்கட் போட்டேன், திரும்பிக்கூட பார்க்கலை. தினம் துடைச்சு விடற கைதானேன்னு நினைச்சு ஒரு அடி வெச்சு கையை நீட்டினேன், அவ்வளவுதான். கடிச்ச பிடியை விடலை ராஜாத்தி. எப்படியோ உதறிட்டு வெளியே வந்து கத்தினேன். ஆம்புலன்ஸ்காரங்க வந்தாங்க, வாசல்லயே நின்னுட்டாங்க, நாயைப் பிடிச்சாதான் உள்ளே வருவோம்னுட்டாங்க. அவங்க மேல தப்பில்லை. பத்தடி தூரத்துல மனுஷன் கிடக்கார், மூச்சு இழுக்கற சத்தம் கேட்குது, யாராலயும் போக முடியலை. அப்புறம் தையல்காரர் ஓடி வந்து என்ன பண்றதுன்னு பார்த்துட்டு கூடத்து மெத்தையைத் தூக்கினார், நான் இந்தப் பக்கம் பிடிச்சேன், ரெண்டு பேருமா அதைச் சுவர் மாதிரி நிமிர்த்திக்கிட்டு நாயை நெட்டி நெட்டி குளியலறைக்குள்ள தள்ளிக் கதவை இழுத்துப் பூட்டினோம். அப்பவும் அது குரைக்கலை.

அப்பா பிழைச்சது உண்மை. ஆனா மூளைக்குச் சர்க்கரை போகாம ரொம்ப நேரம் கிடந்துட்டார், கொஞ்சம் முன்னாடியே மருந்து ஏறியிருந்தா இவ்வளவு பாதிப்பு இருந்திருக்காதுன்னு டாக்டர் சொன்னார். இப்ப வார்த்தை கிடைக்காம தடுமாறறார். டம்ளரைக் காட்டி அது, அதுங்கறார். அது எங்கே, அவன் எங்கேன்னு நாயைத்தான் தேடறார், பேர் ஞாபகம் வரலை, நான் எடுத்துக் கொடுக்கறதும் இல்லை. கிழவனுக்கு இமை உள்பக்கமா மடங்கி முடி கண்ணைக் குத்திக்கிட்டே இருந்திருக்காம். பக்கத்துல யார் வந்தாலும் அதுக்கு நிழலாத்தான் தெரியுமாம், கூடவே வலி. டாக்டரம்மா ஆபரேஷன் பண்ணி, வேலி போட்ட இடத்துல நாய் பழக்கற ஒரு அம்மாகிட்ட விட்டிருக்காங்க. இனி நம்ம வீட்டுக்கு வராது. அந்தப் பழக்கற அம்மா என்னைக் கேட்ட ஒரே கேள்வி, உறுமினா அடிச்சீங்களான்னுதான். கிட்ட வராதேன்னு சொல்றதுக்கு அதுக்கு இருந்தது அந்த ஒரு சத்தம், அதையும் அடிச்சுப் பிடுங்கிட்டா அப்புறம் பல்லுதான் மிச்சம்னாங்க.

இப்ப நீ எழுதினதுக்கு வரேன். தொட்டில்கிட்ட யார் போனாலும் நாய்க்குட்டி உறுமுச்சு, மாப்பிள்ளை ரெண்டு தட்டு தட்டினார், இப்ப சத்தமே இல்லை, தொட்டிலையே பார்த்துக்கிட்டு சமத்தா நிக்குதுன்னு எழுதியிருக்கே. அது சமத்து இல்லைடி. படத்தைப் பெருசாக்கிப் பார்த்தேன், அதே விறைப்பு, கண்ணுல தண்ணி வழிஞ்ச கறை. இன்னைக்கே அந்த ரூம் கதவைச் சாத்து. குழந்தையும் நாயும் ஒரு நிமிஷம்கூட தனியா இருக்கக் கூடாது, நீ பால் காய்ச்சப் போனாலும் பயலை இடுப்புல வெச்சுக்கிட்டே போ. கண்ணை டாக்டர்கிட்ட காட்டு, பழக்கத் தெரிஞ்சவங்களைக் கூப்பிடு, மறுபடியும் கை ஓங்க வேண்டாம்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லு. மாமியார் ஊருக்கெல்லாம் பயம் காட்டறான்னு அவர் சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்.

தபாலுக்குக் காத்திருக்க மனசில்லை, இந்தத் தாளை அப்படியே படம் பிடிச்சு உனக்கு அனுப்பச் சொல்லி அண்ணன்கிட்ட கொடுக்கறேன். காலையிலேர்ந்து உன் நம்பருக்கு அடிச்சுக்கிட்டே இருக்கேன், மணி போகுது, நீ எடுக்கலை. மாப்பிள்ளையும் எடுக்கலை. பயலைக் குளிப்பாட்டிக்கிட்டிருப்பே, தூங்க வெச்சுக்கிட்டிருப்பேன்னு எனக்கு நானே சொல்லிக்கறேன். என் பேரன் நூறு வருஷம் நல்லா இருக்கணும், உங்க மூணு பேர் மேலயும் ஒரு துரும்பும் படக் கூடாது. இதைப் பார்த்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்திட்டு, அப்புறம் எனக்குப் போன் பண்ணு.

போனைக் கையிலேயே வெச்சுக்கிட்டிருக்கும்
உன் அம்மா