பூசைச் சீட்டில் எழுதிய இயற்பியல்

பாப்பிரெட்டிப்பட்டி,
25.8.85

அன்புள்ள அண்ணா,

இதை யாரிடமும் காட்டிவிடாதே, உன் ரூம் நண்பரிடம்கூட வேண்டாம். எல்லோரும் தூங்கியபின் எழுதுகிறேன். என் தோழி தீர்த்தம்மாள் வீட்டு முகவரிக்கு நீ போட்ட கடிதம் கிடைத்தது. இரண்டு வருஷம் படித்த இன்ஜினியரிங்கை விட்டுவிட்டு சென்னையில் பி.எஸ்ஸி. இயற்பியல் சேர்ந்துவிட்டாயா! குதிக்கத் தோன்றியது. ஆனால் அப்பா? "எம் பையன் ஓசூர் கம்பெனிக்கு இன்ஜினியரா போகப்போறானுங்க" என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூடச் சொல்கிறார். தெரிந்தால் உன்னை வீட்டுக்குள் விடுவாரா?

உன் தங்கை,
ராஜமேரி

சென்னை,
31.8.85

அன்பு மேரி,

கிறிஸ்துமஸுக்கு வந்து நானே சொல்கிறேன். அதுவரை மூச்சு விடாதே. இன்ஜினியரிங் காலேஜில் "சூத்திரத்தைப் போடு, விடை வரும்" என்பார்கள். ஏன் வருகிறது என்று கேட்கத்தான் இங்கே வந்தேன். நேற்று நீலச் சுடரில் உப்பைத் தூவினோம். சுடர் மஞ்சளானது. ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் கருவி வழியே பார்த்தால் அந்த மஞ்சள் இரண்டு கோடுகளாக நிற்கிறது! சாப்பிடவே மறந்துபோனேன்.

செபாஸ்டின்

பாப்பிரெட்டிப்பட்டி,
8.9.85, இரவு

அண்ணா,

கோபப்படாதே, நான்தான் கெடுத்தேன். இன்று மாதா பிறந்தநாள். உன் படிப்புக்குப் பூசை வைக்க, சாமியார் பூசையில் வாசிக்கும் சீட்டை வழக்கம்போல என்னை எழுதச் சொன்னார் அப்பா. சாமிக்குப் போகிற சீட்டில் பொய் எழுதக் கை வரவில்லை. "இயற்பியல் படிக்கும் செபாஸ்டினுக்காக" என்று எழுதிவிட்டேன். எப்போதும் பெயரை மட்டும் வாசிக்கிற சாமியார் இன்று முழுவதையும் மைக்கில் வாசித்துவிட்டார்!

வெளியே வந்ததும் இன்னாசியம்மாள் அத்தை, "ஏண்ணா, உங்க இன்ஜினியரு கட்சி மாறிட்டாரா?" என்று சிரித்தது. வீடு வரும்வரை அப்பா விறுவிறுவென்று முன்னால் நடந்தார். வந்ததும், "இயற்பியல்னா என்னாடி?" என்றார். நீ எழுதிய உப்புச் சுடர் நினைவுக்கு வந்தது. ஸ்டவ்வைப் பற்றவைத்து உப்புத்தூளைத் தூவினேன். நீலம் குப்பென்று மஞ்சளானது.

"இதுக்கா இன்ஜினியரிங்க வுட்டான்?" என்று கத்தினார். பிறகு சுடரருகே குனிந்து, "ஏன் மஞ்சளாவுது?"

"அதக் கேக்கத்தாம்ப்பா போயிருக்கான்."

எழுந்து வெளியே போய்விட்டார். ராத்திரி சமையலறையில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அப்பா தனியாக உட்கார்ந்து இன்னொரு சிட்டிகை போட்டுப் பார்க்கிறார், அண்ணா! இதை உனக்குச் சொல்லாமல் எப்படித் தூங்குவேன்? பிளஸ் டூவில் நானும் இயற்பியல் எடுத்து...

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா. "மேரி, அவனுக்குத்தான எழுதற? எனக்கும் ரெண்டு வரிக்கு எடம் வுடு. அவன ஒண்ணு கேக்கணும்" என்கிறார். அண்ணா, திறக்கிறேன்