சந்தனத் தலைக்கு ஏற்ற வெளிச்சம்

அன்புள்ள அம்மாவுக்கு ரேணுகா எழுதுவது. நூம்பலில் நாங்கள் நலம். உன் முழங்கால் வலி குறையத் திருவேற்காட்டுக் கருமாரியிடம் வேண்டியிருக்கிறேன்.

கோயிலில் மொட்டை போடும் குழந்தைகளை வீட்டில் வைத்துப் படம் எடுத்துத் தருகிறேன் அல்லவா? போன முறை ஒரு குழந்தையின் தலை, ஃபிளாஷ் வெளிச்சத்தில் ட்யூப்லைட் மாதிரி பளபளத்தது. முதல் மொட்டையை மறுபடி போட முடியுமா? அந்தக் குழந்தையின் அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. அதனால் வேறு ஃபிளாஷ் வாங்க அம்பத்தூர் போனேன். கடைக்காரருக்கு நல்ல வழுக்கை. பிரசாதச் சந்தனத்தை நீட்டி, "அண்ணா, இதைத் தலையில பூசிக்கோங்க, ஒரு படம் எடுத்துப் பார்க்கணும்" என்றேன்.

"இன்னாம்மா நீ, லைட்டு வாங்க வந்துகீறியா, எனக்கு மொட்ட போட வந்துகீறியா?" என்று சிரித்துக்கொண்டே பூசிக்கொண்டார்.

சின்ன ஃபிளாஷை நேராக அடித்தால் அதே பளபளப்பு. பெரியதை, வெளிச்சத்தைப் பரப்பிவிடும் வெள்ளைக் குடைக்குள் திருப்பி அடித்தபோது சந்தனத்தில் விரல் பதிந்த தடம்கூடத் தெரிந்தது. அதையே வாங்கிவிட்டேன்.

அதே வெளிச்சத்தில் அவர் என்னை எடுத்த படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். இட்லிப் பொடி தீர்ந்துவிட்டது; நீயே கொண்டுவந்தால் நல்லது. வாசலில் ஒரு மொட்டைக் குழந்தை அழுகிறது, போகிறேன். படத்தில் கண்ணுக்குக் கீழே தெரியும் கருப்பு, விளக்கின் கோளாறுதான் அம்மா.

ரேணுகா